பிளேட்லெட் 38,000: நம்பலாமா?

கேள்வி: ரத்தக்கசிவு எதுவும் இல்லாத ஒருவருக்கு ரத்த அணுக்களை எண்ணும் எங்கள் கவுன்டர் மெஷின் பிளேட்லெட் 38,000 என்று காட்டியது. அரை மணி கழித்து அதே குழாயை ஓட்டினால் இன்னும் குறைகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷினைக் கழற்றுவதற்கு முன் ஊதா மூடிக் குழாயைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் போட்டிருக்கும் இடிடிஏ என்ற ரசாயனம் சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். நேரம் ஆக ஆக ஒட்டலும் கூடும். இரண்டாம் முறை குறைந்தது அதனால்தான் இருக்கும். மெஷின் அணுக்களின் பருமனை வைத்து எண்ணுகிறது. பெரிய கொத்தைப் பிளேட்லெட் கணக்கில் விட்டுவிடும், சில சமயம் வெள்ளையணுவில் சேர்த்துவிடும்.

முதலில் குழாயில் குச்சி விட்டு உறைகட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த மாதிரி வீண். எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கியிருக்க மாட்டார்கள். உறைகட்டி இல்லையென்றால் ஸ்மியர் போட்டு (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து), மைக்ரோஸ்கோப்பில் அதன் மெல்லிய வால் விளிம்பில் கொத்துகளைத் தேடுங்கள். தெரிந்தால் உறையாமல் தடுக்கும் வேறொரு ரசாயனமான சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் கோடு வரை புதிதாக ரத்தம் எடுத்து உடனே ஓட்டி, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள். 9 பங்கு ரத்தத்தோடு 1 பங்கு சிட்ரேட் திரவம் கலந்திருக்கிறதே!

சிட்ரேட்டிலும் ஒட்டுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு எண்ணைத் தராமல், 'கொத்துகள் உள்ளன' என்று ஸ்மியர் குறிப்போடு அறிக்கை கொடுங்கள்.