நினைவுக்கு வைக்கும் செடியைக் கடையில் தேட வேண்டாம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: அம்மா போன சித்திரையில் தவறிவிட்டார்கள். வருஷத் திதி மே முதல் வாரத்தில் வருகிறது. அன்றைக்கு அம்மா பேரில் வாசலில் ஒரு பூச்செடி வைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார்கள். அம்மாவுக்குப் பிச்சி என்றால் உயிர். ஆன்லைனில் ‘நினைவுச் செடிப் பெட்டி’ என்று, பீங்கான் தொட்டியும் பெயர் பொறித்த பலகையும் சேர்த்து 1,499 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கலாமா, நம்மூர் நர்சரியில் வாங்குவது நல்லதா? கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுப் புறவாசலில், அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வைத்த பிச்சிக்கொடி ஒன்று இன்னும் இருக்கிறது.
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா கையால் வைத்த கொடி உயிரோடு இருக்கும்போது நீங்கள் எந்தப் பெட்டியும் வாங்க வேண்டாம். நர்சரிக்கும் போக வேண்டாம். கல்லிடைக்குறிச்சிக்குப் போங்கள்.

அந்தப் பெட்டி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1,499 ரூபாயில் செடிக்கான பங்கு மிகக் குறைவு. பிச்சி நாற்றுப் பை நம்மூர் நர்சரிகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மீதியெல்லாம் தொட்டிக்கும் அட்டைப்பெட்டிக்கும் கூரியருக்கும் பெயர்ப் பலகைக்கும் போகிறது. இப்படி வரும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அடியில் துளை இருப்பதில்லை. துளை இல்லாத தொட்டியில் எந்தச் செடியும் வேர் அழுகிச் சாகும். உள்ளே வரும் செடியும் பெரும்பாலும் மேசை மேல் வைக்கும் இலைச்செடி, பூக்கிற செடி அல்ல. வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் பணம் கட்டும் முன் செடியின் பெயர், பையின் அளவு, செடி வாடி வந்தால் திருப்பி எடுப்பார்களா என்ற மூன்றையும் படித்துப் பார்க்க வேண்டும். செடிக்கு ‘ரிட்டர்ன் இல்லை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, நீங்கள் புகார் கொடுத்தால் விற்கிற தளம் அதை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

சரி, பிச்சிக்கு வருவோம். திதி வருவது அக்னி நட்சத்திரத்தை ஒட்டி. அந்த வெயிலில் வாசலில் குழி தோண்டி இளஞ்செடியை வைத்தால் பிழைப்பது கஷ்டம். நினைவுக்கு வைத்த செடி பட்டுப்போனால் வீட்டில் எல்லோருக்கும் மனசு விட்டுப்போகும், அப்பாவுக்கு ரொம்பவே. அதனால் திதி அன்றைக்குச் செடியை நட வேண்டாம், ஆச்சி வீட்டில் பதியன் போடுங்கள். பிச்சிக்கும் மல்லிகைக்கும் இது காலங்காலமாக நடக்கிற முறை.

கொடியில் ரொம்பப் பிஞ்சாகவும் இல்லாமல், முற்றிப் பட்டை வெடித்ததாகவும் இல்லாமல், தரையை ஒட்டி வளைகிற கிளையாக ஒன்றைப் பாருங்கள். நுனியிலிருந்து ஒன்றரை அடி விட்டு ஒரு கணுவுக்குக் கீழே, பிளேடால் பட்டையைச் சாய்வாக ஒரு விரற்கடை நீளத்துக்குச் சீவி, நாக்குப்போல லேசாகத் தூக்கிவிடுங்கள். முழுக்க வெட்டிவிடக் கூடாது. அந்த இடத்து இலைகளைக் கிள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு மண்தொட்டியை வைத்து, ஆற்று மணலும் செம்மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து நிரப்பி, சீவிய இடம் மூன்று அங்குலம் உள்ளே போகிற மாதிரி வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டும். தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற அங்கே ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் முக்கியம். தாய்க்கொடி சாறு கொடுத்துக்கொண்டே இருப்பதால் கோடையையும் இது தாங்கிவிடும். வேர் பிடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். ஆவணி வாக்கில் தாய்க்கொடி பக்கம் வெட்டிப் பிரித்து, இரண்டு வாரம் நிழலில் தேற்றி, ஐப்பசி மழைக்கு முன்னால் பாளையங்கோட்டைக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றோடு நிறுத்த வேண்டாம், மூன்று தொட்டி போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று உடன்பிறந்தவர்கள் வீட்டுக்கு, ஒன்று தவறினால் ஈடுகட்ட.

குழி ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே தோண்டிக் காயவிடுங்கள். மண் சரளாக இருந்தால் அதை எடுத்துவிட்டுக் குளத்துக் கரம்பையும் செம்மண்ணும் போட்டு, இரண்டு சட்டி மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். பகலில் பாதிக்கு மேல் வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் கொடி ஓடும், பூக்காது. நன்றாக வளர்ந்தபின் ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் கவாத்து செய்யுங்கள்.

பெயர்ப் பலகைக்கு 1,499 எதற்கு? பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறவரிடம் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கொடுத்தால் அம்மா பெயரையும் தேதியையும் வெட்டித் தருவார். மழையிலும் அழியாது.

கேள்வி: ஊருக்குள் வேனில் செடி கொண்டுவந்து விற்றவர்களிடம் நான்கு ரோஜாச் செடி வாங்கினேன். எல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. பத்து நாளில் இரண்டு கருகிவிட்டன, மற்றதில் மொட்டே இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
வாசகர், வள்ளியூர்

பதில்: பில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த முறை கஷ்டம்தான், ஏனென்றால் வேன் எங்கே போனது என்றே தெரியாது. பில் இருந்தால் கேட்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அதே கணக்கில் வரும். கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். ஆனால் உயிருள்ள செடியில், விற்கும்போதே குறை இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டீர்கள் என்று அவர் சொல்லுவார். அதனால் வாங்கிய அன்றே ஒரு போட்டோ, வாடத் தொடங்கியதும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதையும் தாண்டினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான்கு ரோஜாவுக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். ஐம்பது செடி வாங்கி ஏமாந்தவர்கள் கட்டாயம் போக வேண்டும்.

செடி ஏன் கருகியது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை பணம் மிஞ்சும். இப்படி வரும் ரோஜா பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கம் குளிர்ந்த காற்றில், வலைக்குள் வளர்ந்தது. ஆந்திராவில் கடியம் பக்கமிருந்தும் லாரி லாரியாகச் செடிகள் வருகின்றன. உரமும் தண்ணீரும் அளந்து கொடுத்து வளர்த்த செடியை, வள்ளியூர் வெயிலிலும் காற்றிலும் கொண்டுவந்து வைத்தால் அது இருக்கிற சத்தையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும். பூவைப் பார்த்துச் செடி வாங்காதீர்கள், வேரையும் தண்டையும் பாருங்கள். பையின் அடியைத் தூக்கிப் பார்த்தால் துளை வழியாக வெள்ளை வேர் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கறுத்த வேரும் புளித்த நாற்றமும் இருந்தால் வேண்டாம். வேர் பைக்குள் கயிறு சுற்றியது மாதிரி இறுகிக் கிடந்தாலும் வேண்டாம். தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் நல்ல செடி. தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்றுத்தான் பை மாற்றியிருக்கிறார்கள். ரோஜாவில் ஒட்டுப் போட்ட இடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குக் கீழேயிருந்து கிளை வந்தால் கிள்ளிவிட வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், நம் கோடையில் செம்பேன் அங்கேதான் ஒட்டியிருக்கும். மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அந்தச் செடியை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், மற்றதுக்கும் பரவும்.

உயிர் இருக்கிற இரண்டையும் இப்போது உரம் போட்டு வதைக்க வேண்டாம். நிழலில் வைத்து, மிச்சப் பூவைக் கிள்ளிப்போட்டு, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. குழாயில் மாட்டும் காந்தக் கருவி வாங்கினால் உப்பு போய்விடும், எந்தப் பூச்செடியும் வரும் என்று கடைக்காரர் சொல்கிறார். ஆர்.ஓ. மெஷினில் வெளியே போகும் தண்ணீரை ஊற்றலாமா?
வாசகர், திசையன்விளை

பதில்: காந்தம் தண்ணீரில் கரைந்த உப்பை எடுக்காது. வாங்காதீர்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடுதல், அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது, வாருகால் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் மொட்டை மாடி மழைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு டேங்க் வாங்கினால் வருஷத்தில் சில மாதமாவது செடிக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். உப்பைத் தாங்குகிற பூச்செடி வேண்டுமென்றால் அரளியும் காகிதப்பூவும் இருக்கின்றன. அரளி முழுக்க விஷம். ஆடும் குழந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: மாடியில் பூந்தொட்டிகளுக்குப் பச்சை வலை போட வேண்டும். 50, 75 என்று சொல்கிறார்கள். எது நல்லது? தென்னை நார்க் கட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
வாசகி, மேலப்பாளையம்

பதில்: அந்த எண் எவ்வளவு வெயிலை மறைக்கும் என்ற சதவீதம். பூச்செடிக்கு 50 போதும். 75 போட்டால் செடி பச்சையாக இருக்கும், பூ குறைந்துவிடும். வெயிலில் பொடிந்து போகாத, யு.வி. கதிரைத் தாங்கும் வலையா என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வேறு கடை. கட்டும்போது பொத்தானும் நைலான் கயிறும் மட்டும் நம்பாமல் நான்கு பக்கமும் கம்பியில் இழுத்துக் கட்டுங்கள், ஆனி ஆடியில் மேற்கே இருந்து காற்று எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வலை ஒரு பக்கம் அவிழ்ந்தால் தொட்டிகளையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

நார்க் கட்டியில் உப்பு நீக்கியதா என்பதுதான் முதல் கேள்வி. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், இலை ஓரம் கருகும். பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் முகவரி, புகார் தொலைபேசி எண் இருக்க வேண்டும். கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள், 5 கிலோ என்று போட்ட கட்டி 5 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் தொழிலாளர் துறையில் எடையளவைப் பிரிவுக்குப் புகார் செய்யலாம். வீட்டில் இரண்டு முறை ஊறவைத்து நீரை வடித்துவிட்டு, மண்ணோடு கலந்துதான் போட வேண்டும். வெறும் நார் மேலே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தபிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: அப்பா கல்லறைப் பக்கத்தில் ஒரு மரம் வைக்க ஆசை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு வைக்கலாம் என்றிருக்கிறோம். ஓர் அமைப்பு, நாங்களே மரம் வைத்து உங்கள் அப்பா பெயரைப் போடுகிறோம், 3,000 ரூபாய் என்கிறது. எது சரி?
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நாள் நல்ல நாள், வடகிழக்கு மழை இறங்கியிருக்கும், தண்ணீர் பிரச்சினை இல்லை. ஆனால் கல்லறைப் பக்கத்தில் மரம் வேண்டாம். வேர் அடுத்த குடும்பத்தின் கல்லறையையும் பிளந்துவிடும், பல கல்லறைத் தோட்டங்களில் அனுமதிக்கவும் மாட்டார்கள். முதலில் சபையிலோ பங்கிலோ கேட்டுக்கொள்ளுங்கள். நித்தியகல்யாணி, இட்லிப்பூ இரண்டும் போதும். நித்தியகல்யாணி வாரம் ஒருமுறை தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், தானே விதை விழுந்து முளைக்கும்.

அந்த 3,000 ரூபாய்க்கு முன்னால் கேளுங்கள்: நிலம் யாருடையது, கூண்டும் தண்ணீரும் எத்தனை வருஷத்துக்கு, பட்டுப்போனால் வேறு மரம் வைப்பார்களா, நேரில் போய்ப் பார்க்கலாமா. நான்குக்கும் எழுத்தில் பதிலும் ரசீதும் தந்தால் கொடுக்கலாம். வாயால் மட்டும் சொன்னால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கேந்தி (செண்டுமல்லி) விதைப் பாக்கெட் வாங்கிப் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.
வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியிருந்தால் பில்லோடு கடைக்குப் போங்கள். தாண்டவில்லை என்றால் மீதி விதையில் பத்தை ஈரத்துணியில் மடித்து ஒரு வாரம் நிழலில் வையுங்கள். அதிலும் முளைக்கவில்லை என்றால் போட்டோவோடு பாக்கெட்டில் உள்ள எண்ணுக்குப் புகார் கொடுங்கள். முளைத்தால் விதை நல்லதுதான், வெயிலில் மேல்மண் காய்ந்திருக்கும். நிழலில் நாற்று விட்டு, வளர்ந்தபிறகு எடுத்து வெயிலுக்கு மாற்றுங்கள்.