கேளுங்க சொல்றேன்: கில்ட் போட்டுக்கிட்டு பினாங்கு மலை ஏறலாமா?

கேள்வி: அண்ணே, ஸ்காட்லாந்துல அபர்டீன்ல படிச்சிட்டு வந்தவன் நான். வரும்போது ஆசையா ஒரு கில்ட், அதான் அந்த ஊரு ஆம்பளைங்க இடுப்புல கட்டற கட்டம் போட்ட கொசுவ உடுப்பு, வாங்கிட்டு வந்தேன், இப்ப பீரோவுல சும்மா கிடக்கு. ஞாயித்துக்கிழமை டீ-ஷர்ட்டோட அதைப் போட்டுக்கிட்டு பசாருக்குப் போலாம்னா எங்கம்மா "பாவாடைய கட்டிக்கிட்டு தெருவுல இறங்காதடா"ன்னு கத்துறாங்க. நம்மாளு போடலாமா, இல்ல அந்த ஊரு குலத்துக்காரங்க மட்டும்தான் போடணுமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தாராளமா போடுங்க தம்பி. வீட்ல அப்பா கட்டற கட்டம் போட்ட கைலிய அம்மா என்னைக்காவது பாவாடைன்னு சொல்லியிருக்காங்களா, கேட்டுப் பாருங்க.

குல விஷயத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தோட வடக்கு மலைப் பகுதியான ஹைலேண்ட்ஸ்காரங்க அந்தக் காலத்துல போட்டது இப்ப கடையில விக்கிற தையல் கில்ட் இல்ல. ஒரே நீளக் கம்பளித் துணி, அதைக் கொசுவம் கொசுவமா மடிச்சு இடுப்புல பெல்ட்டால கட்டிட்டு மிச்சத்தைத் தோள்ல போட்டுக்குவாங்க, மழை வந்தா தலைமேல இழுத்துக்குவாங்க, ராத்திரி மாட்டோட மலையிலயே தங்கினா அதுதான் போர்வை. 1700களோட ஆரம்பத்துலதான் மேல் பாதிய விட்டுட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் போடற சின்ன கில்ட் பரவுச்சு. 1746ல கலோடன் சண்டையில, பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காகக் கலகம் பண்ணின ஜாகோபைட் படை தோத்ததும், ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இந்த உடுப்பையே போடக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. முதல் தடவை புடிபட்டா 6 மாசம் ஜெயிலு, மறுபடி புடிபட்டா 7 வருஷம் கடல் தாண்டி அனுப்பிருவாங்க. அதே அரசாங்கம் தன் பட்டாளத்துக்கு மட்டும் கில்ட் மாட்டிவிட்டுச்சு, அது தனிக் கூத்து. தடையை நீக்கினது 1782ல, அதுக்கப்புறம் நாலே வருஷத்துல வெள்ளைக்காரங்களுக்காகப் பினாங்கைப் புடிச்ச பிரான்சிஸ் லைட் நம்ம தீவுல வந்து இறங்கிட்டாரு.

குலத்துக்கு ஒரு கட்டம்ங்கற பட்டியல் பெருசானதெல்லாம் 1822ல நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தப்ப எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு பண்ணின பெரிய தடபுடலுக்குப் பிறகுதான். அதனால ரொம்ப பயப்படாதீங்க. மனசு உறுத்துச்சுன்னா பிளாக் வாட்ச்ங்கற ஸ்காட்லாந்து பட்டாளத்தோட கட்டம் மாதிரி பொதுவா எல்லாரும் போடற பச்சை-நீலக் கட்டம் எடுங்க, யாரும் எந்தக் குலம்னு கேக்க மாட்டாங்க. ஸ்காட்லாந்து இசையும் நமக்குப் புதுசில்ல, கோலாலம்பூர் சீக்கியப் பசங்களோட ஸ்ரீ தஸ்மேஷ் பேக்பைப் வாத்தியக் குழு 2019ல கிளாஸ்கோவுக்கே போய் உலக பேக்பைப் போட்டியில 4பி பிரிவுல ஜெயிச்சிட்டு வந்தாங்களே!

பசாருக்குப் போறப்ப ஒண்ணே ஒண்ணு, கோட்டு, டை, உரோமப் பை, வெள்ளை சாக்ஸுன்னு மொத்த செட்டையும் மாட்டாதீங்க. அது கல்யாண உடுப்பு, மாட்டிக்கிட்டு மீன் கடையில நின்னா ஷூட்டிங்னு நினைச்சு கூட்டம் கூடிரும். டீ-ஷர்ட்டும் சாதா செருப்பும் போதும்.

கேள்வி: நாங்க நாலு பேரு வாராவாரம் பினாங்கு மலை ஏறுவோம். ஒருத்தன் இனிமே கில்ட் போட்டுக்கிட்டுதான் ஏறுவேன்னு அடம் புடிக்கிறான். இந்த வெயில்ல நடக்கற காரியமா?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: நடக்கும், ஆனா துணிய மாத்தணும். முறையா தைச்ச கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி போகும், நம்ம மடிசாருக்கு ஒரு கஜம்தான் கம்மி. கனமான கம்பளியில தைச்சா எடை ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வந்துரும். குளிருல, ஊசிக்காத்துல அது வரப்பிரசாதம், பின்பக்கக் கொசுவத்தோட கனத்துலதான் காத்து தூக்காம நிக்குது. அதையே தண்ணிமலைப் பக்கத்துல தாவரவியல் தோட்டத்துலருந்து ஜீப் பாதையில கட்டிக்கிட்டு ஏறினா இடுப்பைச் சுத்தி வேர்த்து ஊத்தும், ஏன்னா கில்ட் தொப்புள் உயரத்துல இறுக்கமா நிக்கற உடுப்பு, கொசுவம் பூரா பின்னாடி அடுக்கு அடுக்கா இருக்கு. முட்டிக்குக் கீழ மட்டும் ஜிலுஜிலுன்னு இருக்கும். அஞ்சு கஜத்துல பருத்தியோ பருத்தி கலந்த துணியோ வச்சு தைச்ச, வேலை செய்யறப்ப போடற கில்ட் இருக்கு, பை எல்லாம் வச்சது, அதை வாங்கச் சொல்லுங்க. மலிவா கிடைக்குதேன்னு அக்ரிலிக் மட்டும் வேணாம், வெப்பத்தை உள்ளயே புடிச்சு வச்சுக்கும்.

ஒரு நல்லது இருக்கு. பேண்ட் நனைஞ்சா தொடையில ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு படிக்கும் இழுக்கும், கில்ட்ல அந்தத் தொல்லை இல்ல, காலை எவ்ளோ தூக்கினாலும் தடுக்காது. மலையேற இன்னொரு பாதையான மூன் கேட் வழியில வேருக்கு வேர் தாவறப்ப அவன் முன்னாடி போயிருவான் பாருங்க. அட்டைப்பூச்சியக் கண்டுபிடிக்கவும் இதுல வசதி, நீளமான சாக்ஸை முட்டி வரைக்கும் இழுத்து விட்டா மேல ஏறி வர்றது முட்டியில பளிச்சுனு தெரிஞ்சிரும், பேண்டுக்குள்ள பூந்துட்டா வீட்டுக்கு வந்துதான தெரியும்!

உள்ள என்ன போடறதுன்னு நீங்க கேக்கல, ஆனா எல்லாருக்கும் அதுதான் கேள்வி. தொடை வரைக்கும் வர்ற இறுக்கமான ஷார்ட்ஸ் போடட்டும், அரிப்பும் வராது, செங்குத்தா ஏறறப்ப பின்னாடி வர்ற அக்காங்களும் நிம்மதியா வரலாம். ஸ்போரன்னு முன்னாடி தொங்கற பைய இடுப்புப் பக்கமா நகத்திக்கணும், இல்ல வீட்லயே வச்சிரணும், ஏறறப்ப தொடையில இடிச்சுக்கிட்டே இருக்கும். கில்ட் ஊசி குத்தினா மேல் மடிப்புல மட்டும் குத்தணும், ரெண்டு மடிப்பையும் சேத்துக் குத்தினா எட்டி வைக்கறப்ப துணி கிழியும். பாறையில உக்காரறப்ப கொசுவத்தைக் கையால வழிச்சு விட்டு உக்காரணும், ரெண்டு நாள்ல பழகிரும். மோட்டார் சைக்கிள்ல கில்ட்டோட வர்றது மட்டும் வேணாம்பா, அடிவாரத்துல வந்து மாத்திக்கச் சொல்லுங்க.

கேள்வி: சாக்ஸுல சொருகற அந்தக் குட்டிக் கத்தி இங்க ஓகேவா அண்ணே?
(வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: வேணாம். ஸ்காட்லாந்துல அது உடுப்போட ஒரு பாகம், இங்க பொது இடத்துல ஆயுதம் வச்சிருக்கறதுக்கு 1958ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கு, காரணம் சரியா சொல்லலன்னா மாட்டிக்குவீங்க. போலீஸ்காரர்கிட்ட நின்னு ஹைலேண்ட்ஸ் வரலாறு சொல்லப் போறீங்களா? பிடி மட்டும் இருக்கற, அலகே இல்லாத பொம்மைக் கத்தி விக்கிறாங்க, ஆசைன்னா அதைச் சொருகுங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் கில்ட்டை வாஷிங் மெஷின்ல போடச் சொல்றாரு. பயமா இருக்கு.
(வாசகி, பட்டு பிரிங்கி)

பதில்: உங்க பயம் நியாயம்தான் தங்கச்சி. கம்பளின்னா சுருங்கிரும், கொசுவமும் கலைஞ்சிரும். ஒவ்வொரு தடவையும் துவைக்கவே தேவையில்ல, நிழல்ல காத்தாட விட்டு பிரஷ்ஷால தட்டினா போதும். அழுக்கு அதிகமாயிட்டா டிரை கிளீனிங் கடைக்குக் குடுங்க, குடுக்கறதுக்கு முன்னாடி கொசுவத்தோட கீழ் ஓரத்துல பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டிருங்க, திரும்பி வந்ததும் பிரிச்சுக்கலாம். நம்ம ஊரு ஈரத்துக்கு பிளாஸ்டிக் கவர்ல மூடி வச்சீங்கன்னா பூஞ்சைதான் மிஞ்சும், பருத்தித் துணியில சுத்தி கிளிப் ஹேங்கர்ல மாட்டுங்க. பருத்தி கில்ட்டுன்னா மெஷின்ல போடலாம், ஆனா அயர்ன் பண்ற வேலைய அவர் தலையிலயே கட்டிருங்க, அத்தனை கொசுவத்தையும் ஒரு தடவை அவரே தேய்ச்சுப் பாக்கட்டும்.