கிங்ஸ்மீட் சதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் அடிக்கப்பட்ட சர்வதேசச் சதங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

தமிழ்ப் பள்ளி விநாடி வினாவுக்காகப் பட்டியல் எழுதுகிறேன். 1913இல் டர்பனில் ஹெர்பி டெய்லர் 109, ஜானி டக்ளஸ் 119 என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது. இவற்றைக் கிங்ஸ்மீட் கணக்கில் சேர்க்கலாமா?
– வாசகர், வெருலம்

சேர்க்கக் கூடாது. அந்த இரண்டு சதமும் டர்பனில் அடித்தவைதான், ஆனால் மைதானம் வேறு. 1910 முதல் 1921 வரை டர்பனில் நடந்த நான்கு டெஸ்டும் ‘லார்ட்ஸ்’ என்று பெயர் வைத்திருந்த பழைய மைதானத்தில் நடந்தவை. கிங்ஸ்மீடில் முதல் டெஸ்ட் 1923 ஜனவரியில் இங்கிலாந்துடன் நடந்தது. அதில் இங்கிலாந்தின் ஃபில் மீட் அடித்த 181தான் உங்கள் பட்டியலின் முதல் வரி. அடுத்த மாதமே இங்கிலாந்தின் ஜாக் ரஸ்ஸல் அதே மைதானத்தில் ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் போட்டார்: 140, 111.

ஸ்கோர்கார்டில் ‘டர்பன்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். இந்தக் காலத்திலும் அதே குழப்பம் உண்டு. 2011 ஜனவரியில் இந்தியாவோடு நடந்த டி20, கால்பந்துக்காகக் கட்டிய மோசஸ் மபிதா அரங்கத்தில் ஆடியது. மறுபக்கம், ‘சஹாரா ஸ்டேடியம்’ என்றும் ‘ஹாலிவுட்பெட்ஸ்’ என்றும் விளம்பரதாரர் பெயரோடு வருபவை எல்லாம் கிங்ஸ்மீட்தான்.

2009இல் ஏ.பி. டி வில்லியர்ஸ் சென்னை அணிக்கு எதிராகக் கிங்ஸ்மீடில் அடித்த 105ஐ என் மகன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். சரிதானே?
– வாசகி, பீனிக்ஸ்

அடித்தது உண்மை, மைதானமும் சரி. ஆனால் அது ஐபிஎல் ஆட்டம். அந்த வருடம் இந்தியாவில் பொதுத்தேர்தல் என்பதால் போட்டி முழுவதும் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தது. டெல்லி அணிக்காக ஆடிய சதம் சர்வதேசக் கணக்கில் வராது. டெஸ்ட், ஒருநாள், சர்வதேச டி20 இந்த மூன்றுக்கும் மூன்று தனிப் பக்கம் போடச் சொல்லுங்கள். லீக் ஆட்டங்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கம் இருக்கட்டும்.

ஒவ்வொரு வரியிலும் தேதி, எதிரணி, எத்தனையாவது இன்னிங்ஸ், ரன், ஆட்டமிழக்காவிட்டால் நட்சத்திரக் குறி, அணியின் மொத்த ஸ்கோர், முடிவு என்று ஏழு கட்டம் இருந்தால் போதும். பையன்கள் முதலில் விட்டுவிடுவது மூன்றாவது கட்டத்தைத்தான். அதுதான் மிக முக்கியமானது. முதல் நாள் காலையில் அடித்த நூறும் ஐந்தாம் நாள் துரத்தலில் அடித்த நூறும் ஒரே எடை இல்லை. 1950 ஜனவரியில் ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் வெறும் 75க்குச் சுருண்டது. அதே ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் 336 தேவைப்பட்டபோது, பந்து நன்றாகத் திரும்பிய பிட்சில் நீல் ஹார்வி ஆட்டமிழக்காமல் 151 எடுத்து ஜெயிக்க வைத்தார். வெறும் ‘151*’ என்று எழுதினால் இதில் எதுவும் தெரியாது.

ஆறு சதம் அடித்தும் முடிவு கிடைக்காத ஆட்டம் ஒன்று டர்பனில் நடந்ததாகச் சொல்கிறார்களே, அது எப்படி?
– வாசகர், டொங்காட்

1939 மார்ச் 3ஆம் தேதி தொடங்கிய ‘காலவரையற்ற டெஸ்ட்’ அது. முடிவு வரும்வரை ஆடுவது என்பதுதான் ஒப்பந்தம். ஓவருக்கு எட்டுப் பந்து.

தென்னாப்பிரிக்கா முதலில் 530. பீட்டர் வான் டெர் பைல் 125, டர்பன் மண்ணின் மைந்தர் டட்லி நோர்ஸ் 103. இங்கிலாந்து 316. மறுபடி தென்னாப்பிரிக்கா 481, அதில் ஆலன் மெல்வில் 103. வான் டெர் பைல் இரண்டாவது சதத்துக்கு மூன்று ரன் குறைவாக 97இல் போனார். இங்கிலாந்துக்கு இலக்கு 696! பால் கிப் 120, பில் எட்ரிச் 219, வாலி ஹாமண்ட் 140 எடுக்க, 5 விக்கெட்டுக்கு 654 வரை வந்துவிட்டார்கள். இன்னும் 42 ரன்தான். மழை பிடித்தது. கேப்டவுனில் கப்பல் காத்திருந்தது, அதைப் பிடிக்க ரயிலேற வேண்டும். மார்ச் 14ஆம் தேதி ஆட்டம் டிராவாக முடிந்தது. நான்கு இன்னிங்ஸும் சேர்த்து 1,981 ரன். நார்மன் கார்டன் ஒருவரே 92 ஓவருக்கு மேல் வீசினார், அதுவும் எட்டுப் பந்து ஓவர்.

பத்து நாளில் பிட்ச் நொறுங்கியிருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்பது நியாயம். நொறுங்கவில்லை. இடையிடையே இரவில் மழை பெய்தது. அந்தக் காலத்தில் பிட்சை மூடி வைப்பதில்லை. ஈரமான மண்மேல் ரோலர் ஓடியதும் வெடிப்பெல்லாம் அடைபட்டு மறுபடி புதுப் பிட்சாகிவிட்டது. எட்ரிச்சின் 219ஐப் பாராட்டும்போது அந்த ரோலரையும் நினைக்க வேண்டும். அதனால் அந்த இன்னிங்ஸின் மதிப்பு குறைந்துவிடாது. அத்தனை நாள் களத்தில் நின்ற களைப்போடு ஆடியது அது.

கடலில் ஏற்றம் வந்தால் கிங்ஸ்மீடில் பந்து ஸ்விங் ஆகும் என்று அப்பா சொல்வார். பள்ளி அணியில் ஆடும் தம்பிக்கு அங்கே ஓர் ஆட்டம் வருகிறது. என்ன சொல்லி அனுப்புவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

உங்கள் அப்பா மட்டுமில்லை, டர்பனில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் ஏற்றத்தின்போது நிலத்தடி நீர் உயர்ந்து பிட்ச் ஈரமாகும் என்பது அந்த நம்பிக்கை. அலை அட்டவணையைப் பார்த்துக்கொண்டு பேட்டிங் ஆட வேண்டாம். பார்க்க வேண்டியவை பிட்சில் மிஞ்சியிருக்கும் புல், காலையில் விரல் வைத்துப் பார்த்தால் தட்டும் ஈரம், தலைக்கு மேலே மேகம், இந்த மூன்றும்தான். தொண்ணூறுகளில் இந்தப் பிட்சைப் ‘பச்சை மாம்பா’ (ஒரு விஷப்பாம்பு) என்றே அழைத்தார்கள். 1996இல் இந்தியா இங்கே 100, 66 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சுருண்டது.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: முதல் பத்து ஓவர் ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்று தெரிந்து, வெளியே போகும் பந்தை விடுவதுதான் வேலை. இங்கே பந்து நன்றாக எழும்பும் என்பதால், பந்து விழும் தூரத்தைப் பார்த்தே விடலாம். பேட்டைப் பந்துக்கு நீட்டக் கூடாது; பந்து கண்ணுக்குக் கீழே வரட்டும். பிடியில் கீழே இருக்கும் கை தளர்வாக இருந்தால் விளிம்பில் பட்டாலும் ஸ்லிப்புக்கு முன்னாலேயே விழும். அவுட் ஆகும் பையன்களைக் கவனியுங்கள்: பெரும்பாலும் முன்கால் போகாமல் டிரைவ் அடித்துத்தான் போவார்கள். பந்து பழசானதும் இதே எழும்புதல் கட் ஷாட்டுக்கு வசதி. 2009இல் ஃபில் ஹியூஸ் என்ற இருபது வயதுப் பையன் அப்படித்தான் 115, 160 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம் போட்டார். இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர்களில் உலகிலேயே இளையவர் என்ற பெயரும் கிடைத்தது. முதல் சதத்தை எட்டியது அடுத்தடுத்து இரண்டு சிக்ஸரில்!

பொறுமைக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 1999 டிசம்பர். தென்னாப்பிரிக்கா 156க்கு ஆட்டமிழந்து, 210 ரன் பின்தங்கி, பாலோ-ஆன் (உடனே மறுபடி பேட்டிங்) ஆடியது. கேரி கிர்ஸ்டன் 14 மணி 38 நிமிடம் நின்று 275 எடுத்தார். ஆட்டம் டிரா. இந்த மைதானத்தின் மிகப் பெரிய டெஸ்ட் ஸ்கோர் இன்றும் அதுதான். 1970இல் இங்கே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக கிரேம் பொலாக் அடித்த 274ஐ அது ஒரே ஒரு ரன்னில் தாண்டியது.

இந்திய வீரர்கள் இங்கே அடித்த சதங்கள் எத்தனை? டெண்டுல்கர் எத்தனை?
– வாசகர்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஸ்டேஞ்சர்

டெண்டுல்கருக்கு இங்கே ஒன்றும் இல்லை. டெஸ்டில் இந்தியாவுக்கு இருப்பதே ஒன்றுதான்: பிரவீண் ஆம்ரே, 103, 1992 நவம்பர், அவருடைய முதல் டெஸ்ட். ஒருநாள் ஆட்டத்தில் 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் கென்யாவுக்கு எதிராக கங்குலி 111*, 2018இல் கோலி 112. டி20யில் 2024 நவம்பரில் சஞ்சு சாம்சன் ஐம்பதே பந்தில் 107, அதில் பத்து சிக்ஸர். யுவராஜ் ஒரே ஓவரில் அடித்த ஆறு சிக்ஸரும் இதே மைதானத்தில்தான், ஆனால் அன்று அவர் எடுத்தது 58. நோட்டில் எழுதிவிடாதீர்கள்.

ஆம்ரேயின் அந்த 103ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1970 வரை கிங்ஸ்மீடில் டெஸ்ட் சதம் அடித்தவர்கள் எல்லோரும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று வெள்ளையர் அணிகளைச் சேர்ந்தவர்கள். இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் அணிகளோடு நிறவெறி அரசு காலத்துத் தென்னாப்பிரிக்கா ஆடியதே இல்லை. நம் மக்கள் பார்க்கப் போனால் நிறம் பார்த்துப் பிரித்த இருக்கை. ஆட வேண்டுமென்றால் கரீஸ் ஃபவுண்டன் மைதானம். பொலாக்கின் 274க்குப் பிறகு 22 ஆண்டு இங்கே டெஸ்ட்டே கிடையாது. திரும்பி வந்த முதல் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவுக்குக் கேப்டன் கெப்ளர் வெசல்ஸ் 118. பதிலுக்கு இந்தியா 4 விக்கெட்டுக்கு 38 என்று திணறியபோது உள்ளே வந்தவர் ஆம்ரே. 1860இல் இந்தியத் தொழிலாளர்களோடு முதல் கப்பல் வந்து இறங்கிய ஊரில் இந்தியர் ஒருவர் டெஸ்ட் சதம் அடிக்க 132 ஆண்டு ஆனது.

எங்கள் வீட்டில் வாக்குவாதம். கிங்ஸ்மீடின் தலைசிறந்த சதம் கிர்ஸ்டனுடையது என்கிறார் தாத்தா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், இசிபிங்கோ

தாத்தா கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் ஓட்டு குசல் பெரேராவுக்கு. 2019 பிப்ரவரி, இலங்கைக்கு இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் விழும்போது 226. எதிரே ஸ்டெய்ன், ரபாடா. கூட நின்றவர் கடைசி ஆட்டக்காரர் விஷ்வா பெர்னாண்டோ. இருவரும் பிரியாமல் 78 சேர்த்தார்கள், அதில் விஷ்வாவின் பங்கு 6 ரன். ஓவரின் முதல் பந்துகளில் ஓடக் கிடைக்கும் ஒற்றை ரன்னைப் பெரேரா வேண்டாம் என்று விட்டதையும், பீல்டர்களை எல்லையில் நிறுத்தியபோதும் சிக்ஸருக்குப் போனதையும், கடைசிப் பந்துகளில் ஒன்று ஓடி முனை மாறியதையும் ஒளிப்பதிவில் பாருங்கள். 200 பந்தில் 153*, ஒரு விக்கெட்டில் வெற்றி.

தென்னாப்பிரிக்கத் தமிழர் யாராவது இங்கே சதம் அடித்திருக்கிறார்களா?
– வாசகி, லெனேசியா

சர்வதேச ஆட்டத்தில் இன்னும் இல்லை. டர்பன்காரரான ஹாஷிம் ஆம்லா 2013இல் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் இங்கே சரியாக 100 எடுத்தார், ஆனால் அவர் குடும்பம் குஜராத்தி வழி. அதே மாதம் நடந்த டெஸ்டில் சென்னையின் முரளி விஜய் 97இல் ஆட்டமிழந்தார். நாகப்பட்டினத்து வேர் கொண்ட நம் டர்பன் பிள்ளை செனுரன் முத்துசாமி தன் முதல் டெஸ்ட் சதத்தை 2025 நவம்பரில் இந்தியாவுக்கு எதிராக அடித்தார், 109. மைதானம் குவாஹாட்டி. கிங்ஸ்மீட் பக்கத்தில் அவருக்கு ஒரு வரியைக் காலியாக விட்டு வையுங்கள்.