6 கார்பன், 14 ஹைட்ரஜன்: மாற்றியங்கள் ஏழா, ஐந்தா?

6 கார்பன், 14 ஹைட்ரஜன் கொண்டு ஏழு மாற்றியங்கள் (அதே அணுக்கள் வேறு விதமாக இணைந்த பொருள்கள்) வரைந்துவிட்டு, ஏழா ஐந்தா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்துதான் சரி. நீங்கள் வரைந்த ஏழில் இரண்டு, ஏற்கெனவே வரைந்தவையே. 4-மெத்தில்பென்டேன் (ஐந்து கார்பன் சங்கிலியின் நான்காம் கார்பனில், ஒரு கார்பன் கிளையான மெத்தில்) என்று எழுதியதை மறுமுனையிலிருந்து எண்ணினால் 2-மெத்தில்பென்டேன். 2-எத்தில்பியூட்டேன் (நான்கு கார்பன் சங்கிலியில், இரண்டு கார்பன் கிளையான எத்தில்) என்பது உண்மையில் 3-மெத்தில்பென்டேன்; அதில் நீண்ட சங்கிலி எத்தில் கிளைக்குள் வளைந்து போகிறது, ஐந்து கார்பன்கள்.

தாளில் தெரியும் வளைவையும் மேல்-கீழையும் கணக்கில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பலரும் இங்கேதான் தடுக்குவார்கள். ஒற்றைப் பிணைப்பு அறை வெப்பநிலையில் ஓயாமல் சுழல்கிறது, அதனால் வளைவுக்கு அர்த்தமில்லை. எந்தக் கார்பன் எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே இங்கு முக்கியம்.

சரிபார்க்க:

1. படத்தில் மிக நீண்ட சங்கிலியை விரலால் தொடர்ந்து போங்கள், நேராக இருக்க வேண்டியதில்லை.

2. இரு முனைகளிலிருந்தும் எண்ணி, கிளைக்குச் சிறிய எண் வரும் பெயரை எழுதுங்கள். பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்று.

3. இரண்டு மெத்தில்பென்டேன்களில் குழப்பம் வந்தால், மூன்று கார்பன்களோடு இணைந்த கார்பனைப் பாருங்கள். அதை ஒட்டி இரண்டு மெத்தில் இருந்தால் 2-, ஒன்றே இருந்தால் 3-.

இது வெறும் பெயர் விளையாட்டு அல்ல. கிளையே இல்லாத ஹெக்சேன் சுமார் 69 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அதே அணுக்கள் கொண்ட 2,2-டைமெத்தில்பியூட்டேன் சுமார் 50-இலேயே கொதித்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனையை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். இரட்டைப் பிணைப்பு சுழலாது, அதனால் சிஸ் (இரு முனை மெத்தில்களும் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) பியூட்-2-ஈன் வெவ்வேறு பொருள்கள். ஏழு கார்பனுக்குப் போனால் 3-மெத்தில்ஹெக்சேனுக்கு ஆடி பிம்ப வடிவமும் தனியாக உண்டு.