மேசை தரைக்கு மட்டமாக இருந்தால் போதாது

ரேடியல் ஆர்ம் வாளுக்கு, அதாவது மேசைக்கு மேலே நீளும் இரும்புக் கையில் மோட்டாரோடு தொங்கி, இழுத்து வெட்டும் வட்ட வாளுக்கு, புதிய மேசையும் ஃபென்ஸும் (மரத்தை அணைத்து வைக்கும் தடுப்புச் சட்டம்) செய்வது பற்றிக் கேட்டவர்களுக்குக் கிராண்ட்பாஸ் பட்டறையிலிருந்து பதில்கள்.

மட்டக்குளியிலிருந்து: ஐயா, பழைய வாள் ஒன்று கிடைத்தது. மேசைப் பலகை ஊதிப்போய்விட்டது. மாற்றுவதற்குப் பலா நல்லதா, தேக்கு நல்லதா?

இரண்டும் வேண்டாம் தம்பி. தேக்கைக் கட்டிலுக்கு வையுங்கள். இது வெட்டுப்படுவதற்கென்றே இருக்கும் மேசை. 25 மில்லிமீற்றர் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போதும். அதன்மேல் 6 மில்லிமீற்றர் பலகையை இருபக்கப் பசைநாடாவால் ஒட்டுங்கள். வாள் கிழித்த தடங்கள் பெருகியதும் மேல் பலகையை மட்டும் உரித்து மாற்றலாம். கொழும்பின் ஈரக்காற்றை எம்.டி.எஃப். விளிம்பு வழியாகத்தான் குடிக்கும். ஆகவே அடிப்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் பலகை வளையும். திருகாணித் தலைகள் ஆழமாக இறங்கட்டும். வாள் ஓடும் பாதையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

வெள்ளவத்தையிலிருந்து: நீர்மட்டம் வைத்துத்தான் மேசையைப் பூட்டினேன். ஆனாலும் வெட்டு ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் மேலோட்டமாகவும் விழுகிறது.

நீர்மட்டம் தரையைத்தான் பார்க்கும். உங்கள் மேசை பார்க்க வேண்டியது வாளின் இரும்புக் கையை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு வாள் தட்டையும் காப்பு மூடியையும் எடுத்துவிட்டு, மோட்டாரைச் சாய்த்து அச்சுத்தண்டு நேர்கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். பழைய கலண்டர் தாளில் ஒரு கீற்றை மேசையில் வைத்து, தண்டு அதை மெல்லப் பிடிக்கும்வரை இறக்குங்கள். பின்பு இரும்புக் கையைத் திருப்பியும் மோட்டாரை முன்னும் பின்னும் இழுத்தும் நான்கு மூலையிலும் பாருங்கள். தாள் எங்கும் ஒரே இறுக்கத்தில் வழுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை ஏற்றி இறக்குங்கள். எனக்கு இதற்கு அரைநாள் போகும். அதைச் சோம்பலால் விட்டால் மாதக்கணக்கில் அழ வேண்டிவரும்.

தெஹிவளையிலிருந்து: ஃபென்ஸை ஆணியடித்து நிறுத்தலாமா?

கூடாது. மேசையின் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே நெருக்கிப் பிடிக்கப்பட்டு நிற்க வேண்டிய சட்டம் அது. தேய்ந்தால் உருவி எறியலாம். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் மிஞ்சும், காய்ந்து நேராக இருக்கும் மஹோகனித் துண்டு போதும். முக்கால் அங்குலத் தடிப்பு இருக்கட்டும். அடிவிளிம்பில் சிறிய சரிவு சீவிவிடுங்கள், மரத்தூள் அதற்குள் ஒதுங்கும். தூள் ஒரு சிட்டிகை இடையில் சிக்கினாலே மூலை தொண்ணூறு பாகை இராது. அந்தக் கோணத்தைச் சோதிக்க, தட்டை மீண்டும் பூட்டி ஒரு பல்லில் பென்சில் குறி வையுங்கள். ஃபென்ஸில் மூலைமட்டத்தை அணைத்து, வாளைக் கையால் இழுங்கள். அந்தப் பல் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரேமாதிரி உரச வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மாமா அனுப்பிய அமெரிக்க வாள், 120 வோல்ட். ட்ரான்ஸ்போமர் போட்டால் சரியா?

வோல்ட் சரியாகும், நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அந்த வாளுக்கு வேண்டிய 60 ஆகாதே. நிமிடத்துக்கு 3450 சுற்று ஓட வேண்டியது 2900க்குக் கீழே ஓடும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 50 ஹேர்ட்ஸும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதே அன்பர்: வாள் மரத்தை ஏறிக்கொண்டு என்னை நோக்கிப் பாய்கிறதே?

மேசையில் குறையில்லை. முன்னோக்கிச் சாய்ந்த பற்கள் உள்ள தட்டைப் பூட்டியிருப்பீர்கள். பல்சாய்வு பூச்சியமோ, பின்னோக்கி 5 பாகை வரையோ உள்ள தட்டை வாங்குங்கள். இழுக்கும் கையை விறைப்பாக வைத்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். மற்றக் கை வாளின் பாதையிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.