குடி, பிறகு அழலாம்

வணக்கம் அண்ணா,

விசுவமடுவிலிருந்து எழுதுகிறேன். போன மாரியில் வெள்ளம் எங்கள் வயலை மூடிவிட்டது. நுண்கடன் கட்டும் வியாழக்கிழமை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. செபமாலையை எடுத்தால் வாய்தான் சொல்கிறது, மனம் வேறெங்கோ நிற்கிறது. கோயிலில் சொன்னால், “ஆண்டவர் சோதிக்கிறார், எல்லாம் நன்மைக்கே” என்கிறார்கள். கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

ஒரு வாசகி


அன்புள்ள தங்கச்சிக்கு,

“எல்லாம் நன்மைக்கே” என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களின் வயல் ஒன்றும் மூழ்கியிருக்கவில்லை. கோபம் வந்தால் வரட்டும். திருப்பாடல் 88ஐ ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் பாடல்களில் பல எப்படியோ ஒரு நன்றியில் போய் முடியும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் செபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வியாழக்கிழமைச் செபமும் அந்த வகைதான்.

நான் அடிக்கடி திரும்பிப் போகும் பகுதி வேறொன்று, 1 அரசர்கள் 19. எலியா உயிருக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துவிடும் என்கிறார். அப்படியே படுத்துத் தூங்கிவிடுகிறார். வானதூதர் வந்து தட்டி எழுப்புகிறார். உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எழும்பிச் சாப்பிடு என்கிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும் இருக்கின்றன. மனிதர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுகிறார்! தூதர் சலிக்காமல் இரண்டாம் தரமும் வந்து எழுப்புகிறார். போகவேண்டிய தூரம் அதிகம் என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

2009இல் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம். பக்கத்துக் கூடாரத்தில் ஓர் ஆச்சி. அவவும் இழந்து வந்தவதான். ஒருநாள் விடிய நான் வெளியே இருந்து அழுதுகொண்டிருந்தேன். மூன்று கல் வைத்த அடுப்பில், பால்மா ரின்னில் தண்ணி கொதிக்கவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. என் உள்ளங்கையை விரித்து ஒரு துண்டு சக்கரையை வைத்தா. “குடி, பிறகு அழலாம்” என்றா. ஆச்சியின் நெற்றி நிறையத் திருநீறு. வானதூதர் திருநீறு பூசியிருக்கக் கூடாது என்று நான் வாசித்த வேதத்தில் எங்கும் இல்லை.

அதற்கு முந்தின வருசம், 2008 ஏப்ரலில், மன்னார் மடுத் திருத்தலத்து மாதாவின் சொரூபத்தையே சண்டையால் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தது. “மாதாவும் எங்களோடை இடம்பெயர்ந்திட்டா” என்று அம்மா சொன்னது ஞாபகம். அதில் அவவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எனக்கு அது விளங்கக் கனநாள் எடுத்தது.

சரி, கடனுக்கு வருவோம். செபமாலை தவணை கட்டாது. வயல் சேதத்தைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் நாளைக்கே போங்கள். வியாழக்கிழமை தவணைக் காசு வாங்கும் அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளில் வரும்போது தனியே நிற்காதீர்கள். அதே கடனோடு உங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

அன்று காலை செபமாலை முழுக்கச் சொல்ல ஏலாவிட்டால் விடுங்கள், ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ காணும். அதைச் சொல்லும்போதே கேத்தலை அடுப்பில் வையுங்கள். தண்ணியைக் கொஞ்சம் கூடவே விடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் ஊற்றலாம்.