ஹுர்ரே: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரியில் ஆசிரியையாக இருக்கிறேன். விளையாட்டு விழாவுக்காகப் பிள்ளைகளுக்கு ‘ஹிப் ஹிப் ஹுர்ரே’ சொல்லிக்கொடுத்தேன். “அப்படின்னா என்ன மிஸ்?” என்றாள் ஒரு சிறுமி. எனக்குத் தெரியவில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ‘ஜெருசலேம் வீழ்ந்தது’ என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள்தான் ‘ஹிப்’ என்றும், சிலுவைப்போரில் யூதர்களைக் கொன்றவர்கள் போட்ட கூச்சல் அது என்றும் இருந்தது. இனி இதைச் சொல்லலாமா?

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகச் சொல்லலாம். 1819இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் தொடங்கிய கலவரத்தில் யூதர்களைத் தாக்கியவர்கள் ‘ஹெப் ஹெப்’ என்று கத்தியது உண்மை. அந்தக் கொடுமையை மறக்கக் கூடாது. ஆனால் லத்தீன் விளக்கம் பின்னால் கட்டிய கதை. சிலுவைப்போர்க் காலத்தில் அதற்குச் சான்று கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஹிப்’ 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஒருவரைக் கூப்பிடும் குரலாக. நம் ‘ஓய்’ போல.

‘ஹுர்ரே’யின் கதைதான் எனக்குப் பிடித்தது. அதற்கு முன்னால் ‘ஹஸ்ஸா’ என்றொரு சொல் 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் உண்டு. கப்பற்காரர்களின் ஆரவாரம் அது. கயிற்றை இழுத்துப் பாய் ஏற்றும்போது போட்ட சத்தத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நம் ‘ஐலசா’வை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஹஸ்ஸா’ 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘ஹுர்ரா’ ஆனது, அப்புறம் ‘ஹுர்ரே’. நம் நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சி பெறும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்களின் ‘வீர மதராசி, அடி கொல்லு’ முழக்கத்துக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் உண்டு. ஹுர்ரேவுக்கு அப்படி எதுவும் இல்லை. பல பேரின் மூச்சு ஒரே நொடியில் சேர வேண்டும், அதுதான் அதன் வேலை. ‘ஹிப் ஹிப்’ என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

அந்தச் சிறுமியிடம் ‘ஆர்ப்பு’ என்ற நம் சொல்லையும் சொல்லுங்கள். காதலர்களைப் பற்றி ஊரார் பேசும் அலர் (வம்புப் பேச்சு), போர்க்களத்தில் கொங்கர் எழுப்பிய ஆர்ப்பைவிடப் பெரிது என்கிறது ஒரு குறுந்தொகைப் பாட்டு. நம் மலைக்குக் கீழே இருக்கிற கொங்குநாட்டின் வெற்றிக் குரல்! இன்று அது ‘ஆர்ப்பாட்டம்’ என்று கொடி பிடிக்கப் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். மலையாளத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒருவர் ‘ஆர்ப்போ’ என்பார், கூட்டம் ‘இர்ரோ’ என்று முழங்கும். கேரள எல்லையை ஒட்டிய கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால் ‘ஆர்ப்போ’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.